ஐலாவில் ஆறு நாள்: புல்லும் வாத்தும்

முதல் நாள், போர்ட் எலன்

Islay என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'இஸ்லே' என்று படிக்கத் தோன்றும். கிளாஸ்கோவில் கார் வாடகைக்குக் கொடுத்தவரிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் "ஐலா" என்று திருத்தினார். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரத் தீவு. மூவாயிரத்துச் சொச்சம் ஜனம். விஸ்கி குடிப்பவர்களுக்கு இது காசி மாதிரி. நான் குடிப்பதில்லை, செல்வம் குடிப்பான். ஆனால் அவன்தான் வண்டி ஓட்டுகிறான், ஆகவே ஆறு நாளும் அவனுக்கும் விரதம்.

செல்வம் பாளையங்கோட்டையில் என்னோடு படித்தவன். இப்போது கிளாஸ்கோவில் கணக்குத் தணிக்கை வேலை. பறவைகள்மேல் அவனுக்குப் பெரிய ஈர்ப்பெல்லாம் கிடையாது. "ஜனவரில எவம்ல தீவுக்குப் போவான்?" என்று இரண்டு வாரம் திட்டிவிட்டுத்தான் வந்தான்.

கிளாஸ்கோவிலிருந்து கென்னகிரெய்க் துறைக்கு மலையும் ஏரியுமாக மூன்று மணி நேரப் பாதை. அங்கிருந்து கப்பல் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். மேல்தளத்தில் நின்றவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லாரும் உள்ளே சூடாக மக்ரோனி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் நின்று கடற்பறவைகளில் ஏழெட்டு கில்லிமாட், இரண்டு கருப்பு கில்லிமாட் பார்த்தேன். கருப்பு கில்லிமாட் கோடையில்தான் கருப்பு. குளிர்காலத்தில் சாம்பல் தூவியதுபோல் வெளுத்துவிடும்.

தீவின் தென்கரை நெருங்கும்போது வெள்ளைச் சுவர்களில் ஆளுயரத்துக்கு மேலான கருப்பு எழுத்துகளில் விஸ்கி ஆலைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன: ஆர்ட்பெக், லகவூலின், லஃப்ராய்க். கடலைப் பார்த்தே பெயர் எழுதியிருக்கிறார்கள், ஒரு காலத்தில் எல்லாச் சரக்கும் கடல்வழியாகவே வந்துபோன ஊர் என்பதால். இறங்கும்போது நாலரை மணி, கிட்டத்தட்ட இருட்டு. காற்றில் பீட் புகை. பீட் என்பது சதுப்பில் பல ஆயிரம் வருடம் மட்கிய செடி. வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். மழையில் நனைந்த விறகை அடுப்பில் வைத்தால் வருமே, அந்த வாசனையில் கொஞ்சம் மருந்து கலந்தமாதிரி.

போமோரில் உள்ள தங்குமிடத்துக்குப் போகும் வழியில் எதிரே வந்த நான்கு வண்டிக்காரர்களும் கையைத் தூக்கினார்கள். "என்னல, எல்லாவனும் உனக்குத் தெரிஞ்சவனா?" என்றான் செல்வம். இந்தத் தீவின் வழக்கம் அது. எதிரே யார் வந்தாலும் கை தூக்க வேண்டும்.

இரண்டாம் நாள், லாக் கிரைனார்ட்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுவேன். இதற்காகத்தான் வந்தேன்.

சூரியன் எட்டே முக்காலுக்கு மேல்தான் எழுகிறது. அதனால் 'விடியற்காலை' என்று சொன்னாலும் ஏழு மணிவரை தூங்கலாம். குளிர்காலப் பறவை நோக்கலில் உள்ள ஒரே சொகுசு. லாக் கிரைனார்ட் தீவின் வடக்கே உள்ளே நுழையும் கடற்கழி. வற்றும்போது மணலும் சேறுமாக விரிந்து கிடக்கும். அதன் தலைமாட்டில் ராயல் பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தின் காப்பகம், புல்வெளியும் மாடுகளுமாக ஒரு முழுப் பண்ணை.

இருட்டில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கழியின் பக்கமிருந்து ஒரு சத்தம். தெருவில் யாரோ நாய்க்குட்டிகளைச் சாக்கில் கட்டி வைத்ததுபோல. அது ஒரு சாக்கு அல்ல, தெரு முழுக்கச் சாக்கு என்று போகப்போகத் தெரிந்தது. கிழக்கே வெளுக்க வெளுக்கச் சத்தம் ஏறியது. திடீரென ஒரு நொடி நின்றது. அப்புறம் எழுந்தன.

எழுந்ததை எப்படிச் சொல்வது? சேறே பிய்ந்து மேலே வந்த மாதிரி இருந்தது. முதல் கூட்டம் எங்கள் தலைக்கு மேல் போகும்போது, குரைப்புக்கு அடியில் சிறகடிக்கும் சரசரப்பு தனியாகக் கேட்டது. செல்வம் பத்துப் பத்தாக எண்ண ஆரம்பித்தான். தொழில் புத்தி. ஆயிரத்து எண்ணூறில் கையை விட்டான்.

எல்லாம் பார்னகிள் வாத்துகள். தமிழில் கூஸுக்கும் டக்குக்கும் சேர்த்து வாத்து என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம்; இது கூஸ் வகை, வீட்டு வாத்தைவிடக் கழுத்தும் காலும் நீளம். கிழக்கு கிரீன்லாந்தில் குஞ்சு பொரித்து, ஐஸ்லாந்தில் இளைப்பாறி, அக்டோபரில் இங்கே வந்து, ஏப்ரல் நடுவில் திரும்பிப் போகும். ஒரு குளிர்காலத்தில் இந்த ஒரு தீவுக்கு மட்டும் பல பத்தாயிரம் வரும். கிரீன்லாந்தில் நரிக்குப் பயந்து செங்குத்துப் பாறை விளிம்பில் கூடு கட்டுகின்றன. பெற்றவை மேலே இரை கொண்டுபோய் ஊட்டுவதில்லை. பொரித்த ஒன்றிரண்டு நாளில், பறக்கத் தெரியாத குஞ்சு பாறையிலிருந்து குதித்துவிட வேண்டும். விழுந்து, உருண்டு, எழுந்து நடந்தால் பிழைத்தது. இன்று எங்கள்மேல் பறந்தவை ஒவ்வொன்றும் அப்படிக் குதித்து எழுந்தவை.

ஒன்பதரைக்குப் பறவை பார்க்கக் கட்டிய மறைவிடத்தில் உட்கார்ந்தோம். முப்பதடி தூரத்தில் ஒரு குடும்பம் மேய்ந்தது. டெலஸ்கோப்பில் முகம் நிறைந்துவிட்டது. பால் வெள்ளை முகம், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே மை இழுத்த கோடு, கழுத்தும் மார்பும் கன்னங்கரேல். முதுகில் சாம்பல் பட்டைகள், ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் கருப்பு, அதற்கும் ஓரத்தில் வெள்ளை இழை. அலகு ரொம்பச் சின்னது. தையல் எந்திர ஊசி மாதிரி டக்டக்கென்று கொத்துகிறது. கொத்திக்கொண்டே நடக்கிறது, நடந்துகொண்டே எச்சம் போடுகிறது. புல்லை முழுசாகச் செரிக்க வாத்துக்கு மாட்டின் வயிறு இல்லை; உள்ளே போனது கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் பகல் பொழுது முழுக்கத் தின்றாக வேண்டும். ஜனவரியில் பகலே ஏழரை மணி நேரம்தான்.

அவற்றுக்கு நடுவே பழுப்பாக, கொஞ்சம் பெரிதாக இன்னொரு வகை: கிரீன்லாந்து வெண்நெற்றி வாத்து. ஆரஞ்சு அலகு, வயிற்றில் கரியால் கிறுக்கியது போன்ற பட்டைகள். இவை மேற்கு கிரீன்லாந்திலிருந்து அந்தப் பெரிய பனிப்பாலையைத் தாண்டி வருபவை. 1999 வாக்கில் உலகம் முழுக்க 35,000-க்கு மேல் இருந்த இனம். இப்போது 20,000 பக்கம் வந்துவிட்டது. வேட்டை அல்ல காரணம், குஞ்சுகள் போதவில்லை. அங்கே வசந்தத்தில் பனி அதிகம் விழுவதால் கூடு கட்டும் காலம் தள்ளிப்போகிறது.

பதினொரு மணிக்கு மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் கழுத்தை நீட்டியது. வெண்வால் கடல் கழுகு. கதவுப் பலகை ஒன்று பறந்து வருவதுபோல வந்தது. பிரிட்டனில் இந்த இனத்தின் கடைசிப் பறவையை 1918 வாக்கில் ஷெட்லாந்தில் சுட்டு முடித்தார்கள். 1975-இலிருந்து நார்வே குஞ்சுகளை ரம் தீவில் கொண்டுவந்து விட்டு மீட்டெடுத்தார்கள். வயல்மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. ஆயிரக்கணக்கான வாத்துகள் அலறி எழுந்தன. கழுகு ஒன்றையும் பிடிக்காமல், வேலியில் உட்கார்ந்து இறகு கோதியது. "சும்மா ரவுண்ட்ஸ் வந்திருக்கான்" என்றான் செல்வம்.

மாலையில் பெண் பூனைப்பருந்து ஒன்று நாணல் மேல் தாழ்ந்து வந்தது. வாலடியில் வெள்ளை. ஊரில் குளிர்காலத்தில் புல்வெளிகளில் பார்க்கும் பூனைப்பருந்துகளின் பங்காளி. அதே சோம்பல் நடை, அதே திடீர்த் திருப்பம்.

மூன்றாம் நாள், லாக் இன்டால்

நேற்று விட்டுப்போன ஒன்று: பார்னகிள் என்ற பெயர். கடலில் மிதக்கும் மரத்தில் காம்பு வைத்து ஒட்டி வளரும் ஒரு சிப்பி போன்ற உயிர் உண்டு. கருப்பு வெள்ளை, நுனியில் இறகு மாதிரி நார். இந்த வாத்துகள் கோடையில் எங்கே போகின்றன, எங்கே முட்டையிடுகின்றன என்று ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாத காலத்தில், அந்தச் சிப்பியிலிருந்துதான் வாத்து பிறக்கிறது என்று நம்பினார்கள். 12-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் என்ற பாதிரியார் அதைக் கண்ணால் கண்டதாகவே எழுதி வைத்தார். கடலில் பிறந்ததென்றால் மீன்தானே? தவக்காலத்தில் சாப்பிடலாமே? சாப்பிட்டார்கள். போப் மூன்றாம் இன்னசென்ட் 1215-இல் கூடாதென்று தடுக்க வேண்டியிருந்தது. மரக்கறிக்காரர்கள் முட்டையைச் சைவத்தில் சேர்த்த கதை நமக்கும் தெரியுமே!

இன்று கடல் பக்கம். லாக் இன்டால் தீவின் நடுவயிறு வரை நுழையும் விரிகுடா. போமோர் அதன் கரையில். ஊர் உச்சியில் 1767-இல் கட்டிய வட்ட வடிவ தேவாலயம். மூலை இருந்தால் சாத்தான் பதுங்குவான் என்று வட்டமாகக் கட்டினார்களாம்.

காலை முழுக்கக் கிரேட் நார்தர்ன் டைவர் என்ற முங்கும் கடற்பறவையைத் தேடினேன். ஒன்று அகப்பட்டது. தடித்த கழுத்து, தாழ்ந்த உடம்பு, அலையில் ஏறி இறங்குகிறது, முங்கவே மாட்டேன் என்கிறது. பத்து நிமிஷம் குறிப்பெடுத்தேன். செல்வம் டெலஸ்கோப்பில் குனிந்து, "லேய், அதுல கயிறு கட்டியிருக்கு" என்றான். நண்டுக்கூண்டின் மிதவை.

உண்மையான டைவர் ப்ருக்லாடி படகுத்துறையில் கிடைத்தது, இருபதடியில். முங்கியது, செல்வம் எண்ணினான், ஐம்பத்திரண்டு நொடி. மேலே வந்தபோது வாயில் நண்டு. அலகால் பிடித்து உதற உதற, கால்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து தண்ணீரில் தெறித்தன. ஓடு மட்டும் மிஞ்சியதும் தலையை அண்ணாந்து விழுங்கியது. கழுத்தில் அது இறங்குவது வெளியே தெரிந்தது. கேலிக் மொழியில் இதைக் கடலின் மேய்ப்பன் என்ற பொருளில் 'முயிர் வுவகில்' என்கிறார்கள். எதை மேய்க்கிறதோ தெரியாது, நண்டு இன்று ஒன்று குறைந்தது.

திரும்பும் வழியில் கிரைனார்ட் பக்கம் ஒரு விவசாயியைப் பார்த்தோம். நான்கு சக்கரக் குவாட் பைக், பின்னால் நாய். பைனாகுலரைப் பார்த்ததும் நிறுத்தினார். "வாத்து பாக்க வந்தீங்களா? என் புல்லைத்தான் பாக்குறீங்க" என்றார். கோபமாக அல்ல. மாட்டுக்காக உழுது, விதைத்து, உரம் போட்டு வளர்த்த புல். வசந்தத்தின் முதல் துளிரை ஏப்ரல்வரை வாத்து தின்றுவிட்டுப் போனால், மாட்டுக்குத் தீவனம் கப்பலில் வர வேண்டும், கப்பல் கூலி தனி. அரசு இழப்பீடு கொடுக்கிறது. 2014-இலிருந்து பத்தாண்டுத் திட்டம் போட்டு, பார்னகிள் எண்ணிக்கையைக் குறைக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சுடவும் செய்தார்கள். சுடும் சத்தத்தில் பக்கத்தில் மேய்ந்த வெண்நெற்றிகளும் கலைந்தன என்பது பறவைக்காரர்களின் மனக்குறை.

"சுடுறது எனக்கும் பிடிக்காது. வராம இருந்தாலும் நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகளை நினைத்துக்கொண்டேன். அங்கே பறவை எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். ஊரே பறவைக்குக் காவல். வாத்து வந்தால் ஊருக்கு வரவு. இங்கே வந்தால் செலவு. நேற்றுக் காலை நான் வாய் பிளந்து பார்த்த காட்சிக்குச் சீட்டுக் காசு கட்டியது அந்தக் குவாட் பைக் மனிதர் என்பது எனக்கு உறைக்க ஒரு நாள் பிடித்தது.

நான்காம் நாள், போமோர்

புயல். கப்பல் இல்லை. கடையில் ரொட்டி அலமாரி மதியமே காலி. செல்வம் உப்புமா கிண்டினான். கிளாஸ்கோவிலிருந்தே ரவை கொண்டுவந்திருக்கிறான், மகராசன்.

மூன்று மணிக்கு ஒரு தடவை வெளியே போனேன். கார்க் கதவைத் திறந்ததும் காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. அலை கடற்பாசியைச் சாலையில் குவியலாக எறிந்திருந்தது, அதில் பதினைந்து கல்திருப்பி உள்ளான்கள் பாசியைப் புரட்டிப் புரட்டித் தின்றன. அவ்வளவு காற்றிலும் ஒன்றுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. கையுறை ஒன்று பறந்து கடலில் போனது. என்னுடையதுதான், இடது கை.

ஐந்தாம் நாள், ஓ முனை

'ஓ' என்பதுதான் இடத்தின் பெயர். தீவின் தென்மேற்கு மூக்கு. புயல் கழுவிவிட்டுப் போன வானம். தெற்கே அயர்லாந்தின் மலை தெரிந்தது.

முனையில் கல் கோபுரம் ஒன்று நிற்கிறது. 1918 பிப்ரவரி 5 அன்று, அமெரிக்க வீரர்களை ஏற்றிவந்த டஸ்கேனியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தகர்த்தது. அதே வருடம் அக்டோபரில் ஒட்ரான்டோ என்ற கப்பல் புயலில் இன்னொரு கப்பலோடு மோதி, தீவின் மேற்குக் கரையில் உடைந்தது. இரண்டிலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். டஸ்கேனியாவில் இறந்தவர்களைப் புதைக்கும்போது போர்த்த அமெரிக்கக் கொடி தீவில் இல்லை. ஐலாக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து ஒரு கொடியைத் தைத்தார்கள். நேற்றையக் காற்றைப் பார்த்தவனுக்கு அந்தக் கோபுரத்தடியில் நிற்பது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

கோபுரத்துக்குப் பின்னால் 'ச்சீ-ஆவ்' என்று ஒரு கூப்பாடு. சஃப்! காக்கைக் குடும்பம்தான், ஆனால் வளைந்த அலகும் காலும் குங்குமச் சிவப்பு. ஒன்பது வந்தன. காற்றில் பட்டம் அறுந்த மாதிரி புரண்டு, சிறகை மடக்கி விழுந்து, தரையைத் தொடுமுன் திருப்பி எழுந்தன. ஸ்காட்லாந்தின் சஃப் அனைத்தும் ஏறக்குறைய இந்தத் தீவிலும் பக்கத்துக் கொலன்சேயிலும்தான். சில டஜன் ஜோடிகள், அவ்வளவுதான்.

இறங்கியதும் நேரே ஒரு சாணி வட்டுக்குப் போனது ஒன்று. காலில் இரண்டு வண்ண வளையம். அலகைக் கோணலாகச் செருகி, வட்டின் விளிம்பைத் தோசை திருப்புகிற மாதிரி புரட்டியது. அடியில் வெள்ளையாக வண்டுப் புழு. எடுத்தது, அடுத்த வட்டு. மாட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தால் சாணியில் வண்டு அண்டாது, சஃப் பட்டினி. மாடே இல்லையென்றால் பேச்சே இல்லை. மாட்டுக்குப் புல் வேண்டும். அந்தப் புல்லைத்தான் கிரைனார்டில் வாத்து தின்கிறது. செல்வம் சாணி வட்டை ஷூ நுனியால் தொட்டுப் பார்த்து, "அப்ப இது கணக்குப்படி யாருக்கு சொத்து?" என்றான்.

திரும்பி நடக்கும்போது ஒரு பொன்கழுகு மலைவிளிம்பில் எழுந்து, அரை நிமிஷத்தில் மறைந்தது. அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. நான் அப்போது முழங்கால்வரை சேற்றில் நின்று பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அந்திக்கு டியூயிக் சதுப்பின் ஓரம் வண்டியை நிறுத்தினோம். வெண்நெற்றிகள் இரவு தங்குமிடம். 1980-களில் ஒரு விஸ்கி ஆலைக்காக இந்தச் சதுப்பில் பீட் வெட்டத் திட்டமிட்டார்கள். வெளியூர்ச் சூழல்காரர்கள் வந்து எதிர்த்தார்கள், எங்கள் வேலையைக் கெடுக்க நீங்கள் யார் என்று தீவுக்காரர்கள் கொதித்தார்கள். கடைசியில் பீட்டுக்கு வேறு இடம் கிடைத்தது, சதுப்பு பிழைத்தது. இருட்டில் சின்னச் சின்ன வரிசைகளாக வந்து இறங்கின. இவற்றின் குரல் குரைப்பு இல்லை. யாரோ தூரத்தில் அடக்க முடியாமல் சிரிக்கிற மாதிரி. செல்வம் நூற்று நாற்பத்தொன்று எண்ணினான். இந்த முறை பாதியில் விடவில்லை.

ஆறாம் நாள், போர்ட் அஸ்கெய்க்

புயலில் நின்ற கப்பல்களின் கூட்டமெல்லாம் இன்றைக்கு. இரண்டு மணி நேரம் வரிசை. எதிரே ஒரு கல்லெறி தூரத்தில் ஜூரா தீவு, அதன் மூன்று மலையிலும் புதுப் பனி. நடுவே ஆறு மாதிரி ஓடும் கடலில் ஐடர் வாத்துகள் நீரோட்டத்தோடு போய், பறந்து திரும்பி வந்து, மறுபடி போய்க்கொண்டிருந்தன. சின்னப் பிள்ளைகள் சறுக்குமரம் ஏறுவதுபோல.

கார் உள்ளே ஐந்து நாளாக ஒரு வாடை. செல்வம் தாங்க மாட்டாமல் என் பூட்ஸைத் தூக்கி வெளியே போட்டான். துறையோரக் குழாயடியில் உட்கார்ந்து குச்சியால் சுரண்டினேன். அடிப்பள்ளங்களில் வாத்து எச்சம் விரல் நீளத்துக்கு அடைந்திருந்தது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன்: நறுக்கிய புல், பாதிக்கு மேல் பச்சை மாறாமல்.

"கழுவிட்டு வால, கேட்டு தொறந்துட்டான்."

முன்னால் இருந்த லாரி நகர்ந்தது. அதன் மேல் கட்டியிருந்தவை காலியான வைக்கோல் கட்டுத் தட்டுகள். ஏற்றிவந்த தீவனத்தை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிறது.